நூலகமும் மனவடுவும்: பல்கலைக்கழக நூலகப்பணி, மனநலச் சமூகப்பணி ஆகியவற்றின் உறவு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழக நூலகப்பணியை மனவடு அறிந்த மனநலச் சமூகப்பணியோடு இணைத்துக் காணும் போக்கு அமெரிக்காவில் அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. இது புதியதொரு முயற்சியாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் மருத்துவமனை நூலகப்பணியும் உளமருத்துவச் சமூகப்பணியும் ஒரே தேவையிலிருந்து வளர்ந்தன என்பதையும், பின்னர் அவை தத்தம் தொழில் அறங்களோடு பிரிந்தன என்பதையும், 1980க்குப் பின் மீண்டும் நெருங்கின என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. இவ்விணைப்பு நூலகரைச் சிகிச்சையாளராக மாற்றுவதன்று. இரு பணிகளும் தத்தம் எல்லையை அறிந்து அருகருகே நிற்பதே அதன் பொருள் என்பது கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: பல்கலைக்கழக நூலகம், மனவடு, உளமருத்துவச் சமூகப்பணி, வாசிப்புச் சிகிச்சை, நூலக அச்சம், வாசகர் மறைகாப்பு

முன்னுரை

மனத் துயருற்ற மாணவர் ஒருவர் பல்கலைக்கழக ஆலோசனை மையத்தை நாடவேண்டுமாயின், தமக்கு ஏதோ நேர்ந்துள்ளது என்பதை முதலில் தமக்குத் தாமே ஒப்புக்கொள்ள வேண்டும்; பின்னர்ப் பெயரைப் பதிந்து, நேரம் பெற்று, காரணத்தைச் சொல்ல வேண்டும். நூலகம் இவற்றுள் காரணத்தைக் கேட்பதில்லை. ஒருவர் ஒரு நூலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கமும் புரட்டாமல் மாலைவரை அங்கு அமர்ந்திருக்கலாம். எதையும் கேளாத இடம் என்பதனாலேயே, துயருற்றவர் பலர் ஆலோசகரைக் காணும் முன்னரே நூலகப் பணியாளரின் கண்ணில் படுகின்றனர். அவ்வாறு காண நேர்ந்த பணியாளர் என்ன செய்ய வேண்டும், எங்கு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற வினாவிலிருந்தே நூலகப்பணிக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் இடையிலான உரையாடல் தொடங்குகிறது.

ஆங்கிலத்தில் ‘டிராமா’ எனப்படுவதைக் குறிக்கத் தமிழில் ‘உளக்காயம்’, ‘மனவடு’ ஆகிய சொற்கள் வழங்குகின்றன. காயம் ஆறிய பின்னும் எஞ்சி நிற்பதைச் சுட்டுவதால் ‘மனவடு’ என்னும் சொல் இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. ‘மனவடு அறிந்த அணுகுமுறை’ என்பது மனவடுவுக்கு அளிக்கப்படும் சிகிச்சையைக் குறிப்பதன்று. ஒரு நிறுவனத்தை நாடி வருவோரில் மனவடு உடையோர் இருப்பர் என்பதை முன்னரே கருத்தில்கொண்டு, அதன் நடைமுறைகளை அமைத்துக்கொள்வதையே அது குறிக்கும். சிகிச்சைக்கும் அணுகுமுறைக்கும் இடையிலான இவ்வேறுபாடு இக்கட்டுரைக்கு அடிப்படையானது.

1. போரும் இரு பணிகளும்

1915ஆம் ஆண்டில் பிரித்தானிய உளவியலாளர் சார்ல்ஸ் மையர்ஸ், போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலையைக் குறித்து ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, ‘ஷெல் ஷாக்’ என்ற சொல்லை மருத்துவ வழக்கிற்குக் கொணர்ந்தது. உடலில் காயமின்றியே பார்வை, நினைவு, பேச்சு ஆகியவை பாதிக்கப்பட்டவர்களை எவ்வாறு பேணுவது என்ற சிக்கல், 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது அந்நாட்டிற்கும் உரியதாயிற்று.

இச்சூழலில் இரு முயற்சிகள் ஏறத்தாழ ஒரே வேளையில் தோன்றின. முதலாவது, 1917இல் அமெரிக்க நூலகச் சங்கம் தொடங்கிய போர்க்கால நூலகச் சேவை. காங்கிரஸ் நூலகத்தின் தலைவர் ஹெர்பர்ட் புட்னம் தொடக்கத்தில் அதனை வழிநடத்தினார். பொதுமக்களிடமிருந்து 50 லட்சம் டாலர் திரட்டப்பட்டது. 36 முகாம் நூலகங்கள் கட்டப்பட்டன. படை மருத்துவமனைகளிலும் நூல்கள் வைக்கப்பட்டன. பயிற்சி பெற்ற நூலகர்கள் நோயாளிகளின் படுக்கையருகே நூல்வண்டியைத் தள்ளிச் சென்றனர். இரண்டாவது, 1918ஆம் ஆண்டுக் கோடையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்மித் கல்லூரியில் தொடங்கப்பட்ட உளமருத்துவச் சமூகப்பணிப் பயிற்சிப் பள்ளி. பாஸ்டன் உளநோய் மருத்துவமனையைச் சேர்ந்த மேரி ஜாரெட், எல்மர் சதர்ட் ஆகியோர் இதற்கு முன்னின்றனர். போரில் மனம் சிதைந்து திரும்பும் வீரர்களுக்கு உதவப் பெண்களைப் பயிற்றுவிப்பது இப்பள்ளியின் உடனடி நோக்கமாக இருந்தது.

இரு பணிகளின் தேவை ஒன்றாயினும் வழிமுறை வேறானது. சமூகப்பணியாளரின் கருவி கேட்டறிதல். 1917இல் வெளிவந்த மேரி ரிச்மண்டின் ‘சோசியல் டயக்னோசிஸ்’ என்னும் நூல், குடும்பத்தார், பள்ளி, பணியிடம் எனப் பல முனைகளிலும் செய்தி திரட்டி ஒருவரின் நிலையைக் கணிக்கும் முறையை வகுத்தளித்தது. நூலகரோ நோயாளியின் கடந்த காலத்தைக் கேட்பதில்லை. அவர் எதைப் படிக்க விரும்புகிறார் என்று மட்டுமே கேட்கிறார். கேட்டறிதல், கேளாதிருத்தல் என்ற இவ்விரு இயல்புகளும் பின்வந்த வரலாறு முழுவதிலும் தொடர்கின்றன.

‘வாசிப்புச் சிகிச்சை’ என்று தமிழில் குறிக்கத்தக்க ‘பிப்ளியோதெரபி’ என்ற சொல்லும் இக்காலத்ததே. சாமுவேல் மெக்கார்ட் குரோதர்ஸ் என்பார் 1916இல் ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில், நூல்களை மருந்தாகப் பரிந்துரைக்கும் மருத்துவர் ஒருவரைப் பற்றி எள்ளல் தொனியில் எழுதிய கட்டுரையில் அச்சொல் இடம்பெற்றது. எள்ளலாகப் பிறந்த சொல்லை மருத்துவமனை நூலகர்கள் முழுமையான பணியாக்கினர்.

2. டஸ்கீகி: இணைந்த பணியின் ஒரு முன்மாதிரி

அம்முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது சேடி பீட்டர்சன் டெலேனியின் பணி. நியூயார்க் பொது நூலகத்தின் 135ஆம் தெருக் கிளையில் பணியாற்றிய இக்கறுப்பினப் பெண், 1924 ஜனவரியில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் நூலகப் பொறுப்பை ஏற்றார். கறுப்பின வீரர்களுக்கென 1923இல் தொடங்கப்பட்டது அம்மருத்துவமனை. அதனைக் கறுப்பின மருத்துவர்கள் நடத்துவதை எதிர்த்து அவ்வாண்டே கு கிளக்ஸ் கிளான் அமைப்பினர் டஸ்கீகியில் ஊர்வலம் நடத்தினர். அங்கிருந்த நோயாளிகள் போரின் வடுவோடு இன ஒடுக்குமுறையின் வடுவையும் சுமந்தவர்கள் என்பதை இப்பின்னணி உணர்த்துகிறது.

டெலேனி பொறுப்பேற்றபோது நூலகத்தில் இருந்தவை ஏறத்தாழ 200 நூல்களே. அவற்றை ஆயிரக்கணக்கில் பெருக்கியதோடு அவர் நின்றுவிடவில்லை. மருத்துவர்களோடும் உளமருத்துவர்களோடும் கலந்து, நோயாளி ஒவ்வொருவருக்கும் ஏற்ற நூல்களைத் தெரிந்தெடுத்தார். நூலகத்திற்கு வர இயலாதோரிடம் நூல்வண்டி சென்றது. எழுந்து அமரவும் இயலாதோருக்காக நூற்பக்கங்கள் கூரையில் ஒளிவீச்சாகக் காட்டப்பட்டன. பார்வையிழந்த வீரர்களுக்குப் பிரெயில் எழுத்தைக் கற்பித்தார். வாசகர் குழு, அஞ்சல்தலைச் சேகரிப்பு, நூற்கட்டுமானம் எனக் கூடிச் செய்யும் பணிகளை ஏற்படுத்தினார். கறுப்பின மக்களின் வரலாறு பற்றிய நூல்களுக்குத் தனியிடம் அளித்தார்.

இந்நூலகம் கல்வித்துறையோடும் தொடர்புகொண்டது. பல்கலைக்கழகங்களின் நூலகப் பள்ளிகள் அவருடைய முறையைக் கற்க மாணவர்களை டஸ்கீகிக்கு அனுப்பின. 1950இல் அட்லாண்டா பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1958இல் மறையும்வரை அவர் அப்பணியிலேயே இருந்தார்.

டெலேனியின் பணியில் இரு கூறுகள் கருதத்தக்கன. ஒன்று, அவர் மருத்துவர்களோடு இணைந்தே செயற்பட்டார். மருத்துவரின் இடத்தைத் தாம் எடுத்துக்கொள்ளவில்லை. மற்றொன்று, நோயாளியை நோயின் பெயரால் அன்றி வாசகராகவே நடத்தினார். நூலகத்தின் வாயிலைக் கடந்தவுடன் ஒருவர் ‘நோயாளி’ என்ற நிலையிலிருந்து விடுபட்டு, தாமே தெரிந்தெடுக்கும் உரிமையுடைய மனிதராகிறார் என்பதே அம்முறையின் உள்ளீடு எனலாம்.

3. பிரிவும் அதன் அறங்களும்

மருத்துவமனையில் இவ்வாறு இணைந்த இரு பணிகள் பல்கலைக்கழக வளாகத்தில் தனித்தனியே வளர்ந்தன. 1944ஆம் ஆண்டின் படைவீரர் மறுசீரமைப்புச் சட்டத்தின் பயனாக, இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியோரில் 22 லட்சம் பேர் கல்லூரிகளில் சேர்ந்தனர். 1947இல் அமெரிக்கக் கல்லூரி மாணவருள் ஏறத்தாழச் சரிபாதியினர் முன்னாள் வீரர்களே. இவர்களின் பொருட்டு வளாகங்களில் ஆலோசனை மையங்கள் பெருகின. மாணவரின் மனநிலை அம்மையங்களின் பொறுப்பாகவும், நூலும் தகவலும் நூலகத்தின் பொறுப்பாகவும் பிரிந்து நின்றன.

இப்பிரிவுக்கு அறம் சார்ந்த காரணமும் உண்டு. 1939இல் அமெரிக்க நூலகச் சங்கம் ஏற்ற அறநெறிக் கோவை, வாசகரோடு பழகுவதால் தெரியவரும் தனிப்பட்ட செய்திகளை மறைத்துக் காப்பது நூலகரின் கடமை என வகுத்தது. யார் எதைப் படித்தார் என்பதைப் பிறருக்கு வெளிப்படுத்தாமை அன்றுமுதல் அப்பணியின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. மனநலப் பணியிலும் மறைகாப்பு உண்டு. ஆயின் அதற்கு விலக்கும் உண்டு. 1976இல் கலிபோர்னியா உச்சநீதிமன்றம் வழங்கிய டாரசாஃப் தீர்ப்பு, நோயாளியால் பிறருக்குக் கடும் தீங்கு நேரும் என அறியும் உளச்சிகிச்சையாளர், அத்தீங்கிற்கு இலக்காகக்கூடியவரைக் காக்க முயல வேண்டும் என்றது. அவ்வழக்கு பல்கலைக்கழக வளாகமொன்றின் மனநலச் சேவையைச் சார்ந்தே எழுந்தது.

தற்கொலை பற்றிய நூல்களை மாணவர் ஒருவர் தொடர்ந்து எடுத்துச் செல்கிறார் எனக் கொள்வோம். அவர் துயருற்றவராக இருக்கலாம். அப்பொருள் குறித்து ஆய்வேடு எழுதுபவராகவும் இருக்கலாம். நூல் வழங்கற் பதிவைக்கொண்டு அவரை ஆலோசனை மையத்திற்குச் சுட்டிக்காட்டுவது அக்கறையாகத் தோன்றினும், அது வாசிப்பைக் கண்காணிப்பாக மாற்றிவிடும். தம் வாசிப்பு கண்காணிக்கப்படுகிறது என்று அறிந்த மாணவர் அடுத்த முறை அந்நூலைத் தேடி நூலகத்திற்கு வரமாட்டார். உதவி பெறும் வாய்ப்புகளுள் ஒன்று அவருக்கு அடைபடும். இரு பணிகளையும் இணைக்க முற்படும் எந்தத் திட்டமும் இச்சிக்கலுக்கு முதலில் விடைகாண வேண்டும்.

4. மீண்டும் நெருங்குதல்

1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறி கையேட்டினுடைய மூன்றாம் பதிப்பில், மனவடுவுக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு தனி வகையாக இடம்பெற்றது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக எழுந்த குரல் இதற்கு முக்கியக் காரணமாகும். 1998இல் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா முதலியோர் வெளியிட்ட குழந்தைப் பருவத் துன்ப அனுபவங்கள் பற்றிய ஆய்வு, மனவடு போர்வீரருக்கு மட்டும் உரியதன்று, பொது மக்களிடையே பரவலாகக் காணப்படுவது என்று காட்டியது. 2001இல் மாக்சின் ஹாரிஸ், ரோஜர் ஃபாலட் ஆகியோர் சேவை நிறுவனங்களையே மனவடு அறிந்தனவாக அமைக்க வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தனர். அமெரிக்க அரசின் போதைப்பொருள் மற்றும் மனநலச் சேவைகள் நிர்வாகம் 2014இல் இதற்கு ஆறு கொள்கைகளை வகுத்தது: பாதுகாப்பு, நம்பகமும் வெளிப்படைத்தன்மையும், ஒத்த அனுபவமுடையோரின் துணை, கூட்டுச் செயற்பாடு, குரலும் தெரிவுரிமையும், பண்பாடு, வரலாறு, பாலினம் ஆகியவை குறித்த உணர்வு.

நூலகத் துறையும் இதே காலத்தில் தனக்குள் நோக்கத் தொடங்கியது. கான்ஸ்டன்ஸ் மெலன் 1986இல் வெளியிட்ட ஆய்வு இதில் திருப்புமுனை. அமெரிக்காவின் தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு ஆண்டுக் காலம் 6,000 மாணவர்களின் எழுத்துக் குறிப்புகளை ஆராய்ந்த அவர், 75 முதல் 85 விழுக்காட்டினர் நூலகத்தைப் பற்றிய தம் முதல் உணர்வை அச்சமாகவே விவரித்ததைக் கண்டார். பிறரெல்லாம் அறிந்த ஒன்றைத் தாம் மட்டும் அறியவில்லை என்ற எண்ணமும், கேட்டால் அறியாமை வெளிப்பட்டுவிடும் என்ற கூச்சமும் அவ்வச்சத்தின் கூறுகள். ‘நூலக அச்சம்’ என்ற இக்கருத்தாக்கத்தை அளவிடுவதற்கான அளவுகோலை ஷாரன் பாஸ்டிக் 1992இல் உருவாக்கினார். இவ்வச்சம் மனவடு ஆகாது. எனினும் வாசகரின் உணர்வும் நூலகப்பணியின் ஆய்வுப்பொருளே என்பதை இவ்வாய்வுகள் நிலைநாட்டின.

வளாகங்களில் நிகழ்ந்த வன்முறை இத்தேவையை மேலும் கூர்மையாக்கியது. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். உலகெங்கிலுமிருந்து வந்து குவிந்த இரங்கல் மடல்களையும் நினைவுப் பொருள்களையும் தொகுத்துப் பேணும் பொறுப்பு அப்பல்கலைக்கழக நூலகத்தாரிடம் வந்தது. துயரத்தின் ஆவணங்களைக் கையாண்டவர்கள் அத்துயரத்திற்கு உள்ளான வளாகத்தினராகவும் இருந்தனர். 2014 நவம்பரில் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரோசியர் நூலகத்தில் நள்ளிரவில் நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் மூவர் காயமுற்றனர். பாதுகாப்பிடமாகக் கருதப்பட்ட நூலகமே அங்கு அச்சத்தின் இடமாயிற்று.

இணைப்புக்கான நிறுவன வடிவம் பொது நூலகத்திலிருந்து வந்தது. 2009இல் சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் முழுநேர உளமருத்துவச் சமூகப்பணியாளர் ஒருவரைப் பணியமர்த்தியது. பிற நகர நூலகங்களும் பின்தொடர்ந்தன. பல்கலைக்கழக நூலகராகிய ரெபெக்கா டாலி 2020இல் வெளியிட்ட நூல், ஆறு கொள்கைகளையும் நூலகச் சேவைக்குப் பொருத்திக் காட்டியது.

5. நடைமுறையில் மாறுவன

மனவடு அறிந்த நூலகம் என்பது சில சிறு நடைமுறைகளின் தொகுப்பே. மூடும் நேரத்தைத் திடீர் மணியோசையால் அன்றி முன்னறிவிப்பால் உணர்த்துதல், வாயிலைப் பார்த்தவாறு அமரும் இருக்கைகளை ஏற்படுத்துதல், தாமதக் கட்டணம் பற்றிய கடிதத்தில் மிரட்டும் தொனியைத் தவிர்த்தல், விதியைக் கூறும்போது அதன் காரணத்தையும் கூறுதல், வினாவுக்கு விடை தேடும்போது திரையை வாசகரும் காணுமாறு திருப்பி வைத்தல் போன்றவை அவற்றுள் சில. இவை எவற்றுக்கும் வாசகரின் கடந்த காலத்தை அறியவேண்டியதில்லை. இதனாலேயே இவை நூலகப்பணியின் மறைகாப்பு அறத்தோடு முரண்படாமல் இயைகின்றன.

நூற்பட்டியும் இதற்கு விலக்கன்று. ஆவணங்களின்றிக் குடியேறியோரைக் குறிக்கக் காங்கிரஸ் நூலகம் ஆண்டுவந்த ‘சட்டவிரோத அந்நியர்’ என்ற பொருள்தலைப்பை, 2014இல் டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் நூலகர்களோடு சேர்ந்து எதிர்த்தனர். தம் வாழ்வைப் பற்றிப் படிக்க நூற்பட்டியைத் திறந்த மாணவர், தம்மைக் குற்றவாளியாகச் சுட்டும் சொல்லை அங்குக் கண்டார். நெடிய விவாதத்திற்குப் பின் 2021இல் அத்தலைப்பு கைவிடப்பட்டது. வகைப்படுத்தும் சொல்லும் வடுவைக் கீறக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

6. சுமை யாருடையது?

இப்போக்கிற்கு எதிரான வலுவான குரல் நூலகர்களிடமிருந்தே எழுந்தது. உணர்வை அடக்கியும் வெளிப்படுத்தியும் செய்யவேண்டிய ஊதியப் பணியை ‘உணர்வுழைப்பு’ என்று சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் விளக்கினார். 2017இல் கேட்ரீனா டேவிஸ் கென்ட்ரிக், பல்கலைக்கழக நூலகர்கள் பணியிடத்தில் அடையும் மனச்சோர்வை ஆராய்ந்தார். 2018இல் ஃபோபாசி எட்டார் எழுதிய கட்டுரை, நூலகப்பணியைப் புனிதத் தொண்டாகப் போற்றும் மனப்பாங்கு, ஊதியமோ பயிற்சியோ இல்லாத கூடுதல் சுமைகளைப் பணியாளர் மறுக்க இயலாதவாறு செய்துவிடுகிறது என வாதிட்டது. பிலடெல்பியாவில் நூலகப் பணியாளர்களே போதைப்பொருள் மிகையால் மயங்கியோருக்கு மாற்றுமருந்து செலுத்த நேர்ந்ததை அவர் இதற்குச் சான்று காட்டினார்.

இவ்விமரிசனம் இணைப்பை மறுக்கவில்லை. அதன் விலையை யார் தருவது என்று கேட்கிறது. சமூகப்பணியில் மேற்பார்வையாளரோடு தம் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் முறை பயிற்சியின் பகுதியாகவே உள்ளது. நூலகப்பணியில் அத்தகைய ஏற்பாடு மரபாக இல்லை. சமூகப்பணியிலிருந்து நூலகம் கடன்பெற வேண்டியது துயர்கேட்கும் கடமையை மட்டுமன்று. துயர்கேட்டவரைத் தாங்கும் அமைப்பையும்தான்.

7. தமிழ்ச் சூழலோடு தொடர்பு

டெலேனி டஸ்கீகியில் பொறுப்பேற்ற அதே 1924 ஜனவரியில் சீர்காழி இராமாமிர்த அரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். அவ்விருவரிடையே தொடர்பு இருந்ததாகக் கொள்ளவேண்டியதில்லை. எனினும் 1931இல் அரங்கநாதன் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்னும் விதி, வாசகரைத் தனிமனிதராகக் காணும் அதே நோக்கினது. புதிதாக வரும் வாசகரை நூலகத்திற்குப் பழக்குவதைக் குறிப்புதவிச் சேவையின் தனிக் கூறாக அவர் விளக்கியதும், மெலனின் ஆய்வோடு சேர்த்து வாசிக்கத்தக்கது. 1952இல் சென்னைச் சமூகப்பணிப் பள்ளி தொடங்கப்பட்டது. இரு துறைகளுக்கும் தமிழகத்தில் நெடிய மரபு இருந்தும் அவை தனித்தனியாகவே பயிற்றுவிக்கப்படுகின்றன.

ஈழத்து அனுபவம் மற்றொரு பாடத்தைத் தருகிறது. 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரு நூலகத்தின் இழப்பே ஒரு சமூகத்தின் மனவடுவாக முடியும் என்பதைத் தமிழர் அறிந்த விதம் அது. பின்னர்ப் போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மனவடுவைத் தனிமனிதரின் நோயாக மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையும் பற்றிய ஒன்றாக ஆராய்ந்தார். உளமருத்துவர் மிகச் சிலரே இருந்த அச்சூழலில், ஆசிரியர் முதலிய சமூகநிலைப் பணியாளருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. துயரை இனங்காணுதல், அடிப்படை ஆதரவு தருதல், இயலாத நிலையில் உரியவரிடம் அனுப்புதல் என்ற அம்முறையின் படிகள் நூலகப் பணியாளருக்கும் பொருந்துவன.

இந்தியச் சட்டமும் இங்குக் கருதத்தக்கது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மனநோயுடையவரின் மனநலம், சிகிச்சை பற்றிய செய்திகளுக்கு மறைகாப்பு உரிமையை வழங்கி, உயிருக்கு ஆபத்து நேரும் நிலை போன்ற விலக்குகளையும் குறிக்கிறது. அவ்வுரிமை சிகிச்சை தொடங்கிய பின்னர் எழுவது. சிகிச்சையை நாடுமுன் ஒருவர் தனியே படித்துப் பார்க்கும் காலத்தைக் காக்க வேண்டியது நூலகத்தின் அறமே.

முடிவுரை

இரு பணிகளின் நூறாண்டு உறவிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, நூலகப்பணியும் மனநலச் சமூகப்பணியும் இணைவது புதுமையன்று. போரின் மனவடுவிலிருந்தே அவ்வுறவு தொடங்கியது. இரண்டாவதாக, கேட்டறிதலும் கேளாதிருத்தலும் ஒன்றையொன்று நிறைவு செய்வன. ஒன்று மற்றொன்றாக மாறினால் இரண்டும் கெடும். எனவே நூலகத்தில் சமூகப்பணியாளர் அமர்வதாயின் அவருடைய பதிவேடும் நூல் வழங்கற் பதிவும் எந்நிலையிலும் கலவாதிருக்க வேண்டும். மூன்றாவதாக, பயிற்சியும் பணியிடமும் மேற்பார்வையும் இன்றி நூலகர்மீது ஏற்றப்படும் கருணை நிலைக்காது.

தமிழகப் பல்கலைக்கழகங்களில் நூலகவியல் துறையும் சமூகப்பணித் துறையும் ஒரே வளாகத்தில் இயங்குவது உண்டு. சமூகப்பணி மாணவரின் களப்பயிற்சிக்குரிய இடங்களுள் ஒன்றாகப் பல்கலைக்கழக நூலகத்தையும் ஏற்பது, பெரும் செலவின்றி மேற்கொள்ளத்தக்க முதல் முயற்சியாக அமையும். ஒரு பக்கமும் புரட்டாமல் மாலைவரை அமர்ந்திருக்கும் மாணவரை எவரும் விசாரிக்க வேண்டியதில்லை. ஆயின், அவர் எழுந்து வந்து கேட்கும்போது அவரை எங்கு அனுப்புவது என்பதை அறிந்த ஒருவர் அங்கு இருக்க வேண்டும்.